மன்னிப்பு முதலில், போராட்டம் பிறகு: சரீரத்தால் தேவனை மகிமைப்படுத்த விரும்புகிறவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர்களிடம் ஆபாசப் படம், திருமணத்துக்கு வெளியே உறவு போன்ற சரீரப் பாவத்தைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் ஒரே வரிசைதான் காதில் விழுகிறது. முதலில் அந்தப் பழக்கத்தை விடவேண்டும். விட்டு நாற்பது நாளாவது ஆகவேண்டும். அதற்குப் பிறகு தேவனிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதுவரை ஜெபம் நின்றுபோகிறது, வேதாகமம் பெட்டிக்குள் கிடக்கிறது, ஞாயிறு ஆராதனைக்குப் போனாலும் திருவிருந்து நேரத்தில் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுகிறார்கள். நாற்பது நாள் முடியுமுன் மறுபடி விழுந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இப்படியே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இந்த வரிசை தலைகீழானது. மனந்திரும்பி வருகிறவனுக்கு மன்னிப்பு வாசலிலேயே கிடைக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டவன்தான் போராட முடியும். கீழே சொல்லியிருக்கிற எல்லா நடைமுறைகளும் இந்த வரிசையை நம்பியே நிற்கின்றன. மன்னிப்பை விட்டுவிட்டு, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் போனில் போடுவதை மட்டும் செய்தால் மூன்று வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

பவுல் எங்கே தொடங்குகிறார்

கொரிந்து இரண்டு துறைமுகங்களை வைத்துப் பிழைத்த வியாபாரப் பட்டணம். வெளியூர்க்காரர்கள் வந்து போகிற, பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று தெரியாத ஊர். அங்கிருந்த சபையில் சிலர், வயிற்றுக்குச் சாப்பாடு எப்படியோ அப்படித்தான் சரீரத்துக்கு இதுவும் என்று வாதாடினார்கள். எபேசுவிலிருந்து அவர்களுக்குக் கடிதம் எழுதின பவுல், சரீரம் அசுத்தமானது, அதை வெறுத்து ஒதுக்குங்கள் என்று பதில் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. உங்கள் சரீரங்கள் கிறிஸ்துவின் அவயவங்கள் என்கிறார். கர்த்தரை எழுப்பின தேவன் நம்மையும் எழுப்புவார் என்கிறார். அதன் பிறகே வருகிறது 1 கொரிந்தியர் 6:20: “கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே, ஆகையால் தேவனுக்கு உடையவைகளாகிய உங்கள் சரீரத்தினாலும் உங்கள் ஆவியினாலும் தேவனை மகிமைப்படுத்துங்கள்.”

கிரயம் ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது. கட்டளை அதன் பின்னால் வருகிறது. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனமும் அப்படித்தான். வேசிமார்க்கத்தார், விபசாரக்காரர், திருடர், வெறியர் என்று நீண்ட பட்டியலைச் சொல்லிவிட்டு, உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆனாலும் கழுவப்பட்டீர்கள் என்கிறார். கழுவப்பட்டவர்களிடம்தான் “வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்” என்று பேசுகிறார்.

இந்த இடத்தில் ஒரு சுமையை இறக்கி வைக்கவேண்டும். சோதனை வருவது பாவம் அல்ல. இயேசுவும் சோதிக்கப்பட்டார் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. ஒருவரைப் பார்த்ததும் அழகு என்று மனதில் படுவதும் பாவம் அல்ல. இச்சையோடு பார்த்துக்கொண்டே இருப்பதைத்தான் மத்தேயு 5:28 பிடிக்கிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது பாவமும் அல்ல, நோயும் அல்ல; வளர்ந்த ஆணின் உடலில் இயல்பாக நடப்பது. பேருந்து நிலையச் சுவர்களிலும் நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் ‘இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி’ என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பயம் பரிசுத்தத்தை வளர்க்காது, இரவெல்லாம் உடலைப் பற்றியே யோசிக்க வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுவயதில் ஒருவர் உங்களைத் தொட்டுத் துன்புறுத்தியிருந்தால் அது உங்கள் பாவமே அல்ல. நீங்கள் அறிக்கையிட வேண்டியது அதில் எதுவும் இல்லை. அதற்குத் தேவைப்படுவது ஆறுதலும் நீதியும்.

அறிக்கை செய்வது எப்படி

ஒரு தாளும் பேனாவும் போதும். போனில் எழுத வேண்டாம், அது எங்கேயோ சேமிக்கப்பட்டுவிடும். பி.ஜி. விடுதியில் நாலு பேர் தங்கும் அறையில் தனிமை கிடைக்காது. மொட்டைமாடியோ, வார நாளில் திறந்திருக்கும் ஆலயமோ, காலை ஆறரை மணிக்குப் பூங்கா பெஞ்சோ பாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தாவீது எழுதின 51-ஆம் சங்கீதத்தை முதலில் சத்தமாக வாசியுங்கள். பிறகு மூன்று காரியங்களை எழுதுங்கள்: என்ன செய்தேன், யாருக்கு விரோதமாகச் செய்தேன், எதை மறைத்தேன். பெயர் சொல்லி எழுதுங்கள். ‘என் பலவீனங்களை மன்னியும் ஆண்டவரே’ என்பது அறிக்கை ஆகாது. ‘மூன்று மாதமாக இரவில் ஆபாசப் படம் பார்க்கிறேன்’, ‘திருமணமான ஒருவரோடு ஆபீஸில் பழகுகிறேன், கைமீறிப் போய்விட்டது’ என்று எழுதினால்தான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று நமக்கே தெரியும். ‘ஆனால்’ என்ற சொல் எழுத வந்தால் பேனாவை நிறுத்துங்கள். அடுத்தவன் மனைவியான பத்சேபாளோடு பாவத்தில் விழுந்த தாவீது ராஜா, தீர்க்கதரிசி நாத்தான் முன்னால் சொன்னது ஒரே வரி: “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்.” பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று அவன் கேட்கவில்லை.

எழுதினதை வாய்திறந்து வாசித்துவிட்டு, 1 யோவான் 1:9-ஐயும் அதே சத்தத்தில் வாசியுங்கள்: “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்.” தேவன் பரிதாபப்பட்டு மன்னிக்கிறார் என்பதோடு யோவான் நிற்கவில்லை, உண்மையும் நீதியும் உள்ளவர் என்கிறார். இயேசுவின் இரத்தத்தின் நிமித்தம் மன்னிப்பது அவருக்கு நீதியான காரியம். ஆகவே உங்கள் அழுகையின் அளவைப் பொறுத்து மன்னிப்பு கூடவோ குறையவோ செய்யாது. நன்றி சொல்லி, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அறிக்கையைத் தண்டனையோடு சேர்த்துக்கொள்வது. மூன்று நாள் உபவாசம், முழங்காலில் இரண்டு மணி நேரம், சம்பளத்தில் கூடுதல் காணிக்கை என்று தனக்குத் தானே அபராதம் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. உபவாசம் நல்லதுதான், ஆனால் விலை கொடுக்கிறதாக நினைத்து உபவாசிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த முறை விழும்போது, எப்படியும் மூன்று நாள் பட்டினி கிடந்து சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று மனமே பேரம் பேசத் தொடங்கிவிடும்.

கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. குருவானவரிடம் என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை முறை என்று சொன்னால் போதும்; காட்சிகளை விவரிக்கவேண்டியதில்லை. அவர் அதை வெளியே சொல்லவே முடியாது. தெரிந்த பங்குக் குருவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு ஆலயத்தில் செய்யலாம். சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தில் தமிழிலேயே கேட்பார்கள். மற்ற சபைகளில், திருவிருந்துக்கு முன்னால் வரும் பொது அறிக்கையை வாயால் மட்டும் சொல்லாமல் உங்கள் தாளில் எழுதினதை மனதில் வைத்துச் சொல்லுங்கள். மனந்திரும்பின பிறகும் மாதக்கணக்கில் பந்தியைத் தவிர்ப்பது பயபக்தி என்று நினைக்கவேண்டாம். 1 கொரிந்தியர் 11:28, தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. சோதித்தறிந்து விலகிப்போகச் சொல்லவில்லை. தவறான உறவைத் தொடர்ந்துகொண்டே பந்திக்கு வருவது வேறு விஷயம். அதற்கு ஆயரோடு பேசித்தான் தீரவேண்டும்.

ஒரே ஒரு ஆள்

தேவனிடம் அறிக்கையிட்ட பிறகு ஒரு மனுஷனிடமும் சொல்லவேண்டும். யாக்கோபு 5:16 அதைத்தான் கேட்கிறது. மன்னிப்பு அந்த மனுஷனிடமிருந்து வருவதில்லை; மறைவு என்ற ஒன்றை உடைக்க அவர் தேவை. சரீரப் பாவம் மறைவில்தான் வளர்கிறது.

யாரிடம் சொல்வது என்பதில்தான் பலர் தவறிப்போகிறார்கள். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் சொல்லவே கூடாது. ‘ஒரு தம்பிக்காக ஜெபிக்கவும்’ என்று போகிற குறிப்பு மாலைக்குள் நாகர்கோவில் போய்ச் சேர்ந்துவிடும். ஆண் என்றால் ஆணிடம், பெண் என்றால் பெண்ணிடம். உங்களைவிட ஐந்து பத்து வயதாவது மூத்தவர். உங்கள் அறையில் தங்காதவர், உங்களுக்கு வரன் பார்க்கும் வட்டத்தில் இல்லாதவர், மற்றவர்கள் சொன்ன ரகசியங்களை உங்களிடம் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லாதவர். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான சோதனை. அடுத்தவர் கதையை ஜெபக்குறிப்பாக உங்களிடம் கொண்டுவருகிறவர், உங்கள் கதையையும் வேறெங்காவது கொண்டுபோவார்.

பாதிரியார், போதகர், பாஸ்டரம்மா, சபையின் மூத்த அண்ணன், அக்கா என்று யாராக இருந்தாலும், ‘அண்ணே, ஒரு காரியத்துல எனக்கு உதவி வேணும், வாரம் பத்து நிமிஷம் போன்ல பேச முடியுமா’ என்று கேளுங்கள். ஞாயிறு இரவு என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நாலு கேள்வி கேட்டால் போதும். இந்த வாரம் விழுந்தாயா? எந்த நேரம், எந்த இடம்? அதற்கு முன்னால் என்ன நடந்தது? இப்போது என்னிடம் எதையாவது குறைத்துச் சொன்னாயா? நாலாவது கேள்வியை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் இரண்டு மாதத்தில் சடங்காகிவிடும்.

நேரம், இடம், போன்

தாவீது விழுந்த மாலைப்பொழுதை 2 சாமுவேல் 11 துல்லியமாகச் சொல்கிறது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம். அவனோ எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து அரமனை உப்பரிகையின்மேல் உலாவினான். வேலை இல்லை, கூட ஆள் இல்லை, தூக்கம் கலைந்த நேரம். பெங்களூரில் இதே நிலை வெள்ளிக்கிழமை இரவில் வரும். அறைத் தோழர்கள் மடிவாளாவில் ஊர்ப் பேருந்து ஏறிவிடுவார்கள், அறை காலியாகிவிடும், சனி ஞாயிறு முழுக்கக் கையில் போன் இருக்கும். இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலை அறைக்கு வருகிறவர்களுக்கு அந்த நேரம் காலை ஏழு மணி.

உங்களுடைய நேரம் எது என்று கண்டுபிடிக்க நாலு வாரம் குறித்து வையுங்கள். விழுந்த நாளில் மட்டும் அல்ல, இழுப்பு வந்த நாளிலும் நேரம், இடம், அதற்கு முன்னால் இருந்த நிலை மூன்றையும் எழுதுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று அநேகமாக எப்போதும் இருக்கும். மேனேஜரிடம் திட்டு வாங்கின நாளில் இச்சை கூடுகிறது என்று தெரிந்துகொண்டால், அன்று உங்களுக்குத் தேவைப்பட்டது ஆறுதல் என்பதும் தெரியும். அந்த ஆறுதலை வேறு இடத்தில் தேட முடியும்: ஊருக்கு ஒரு போன், நண்பனோடு ஒரு டீ, சங்கீதம் 42.

நேரம் தெரிந்ததும் அந்த நேரத்தை வேறொன்றால் நிரப்புங்கள். வெள்ளி இரவு வீட்டு ஜெபக்கூட்டம், சனி காலை கிரிக்கெட், பாடகர் குழு ஒத்திகை, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் என எதுவானாலும் சரி, ஆட்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிற வேலையாக இருக்கவேண்டும். தனியாகச் செய்ய முடிவெடுக்கிற எதுவும் அந்த நேரத்தில் கைவிடப்படும்.

போனுக்கு வருவோம். முதல் வேலை, அதைப் படுக்கையிலிருந்து பிரிப்பது. சார்ஜரைச் சமையலறையிலோ கதவுக்குப் பக்கத்திலோ மாட்டுங்கள். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். வேறு எந்த ஏற்பாட்டையும்விட இது அதிகம் உதவுகிறது. செய்யச் சொன்னால் எல்லாரும் தயங்குவதும் இதற்குத்தான்.

அடுத்தது வடிகட்டி. வீட்டு வைஃபை ரௌட்டரில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3 என்றும் இரண்டாவதாக 1.0.0.3 என்றும் கொடுத்தால், கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இலவச வடிகட்டி ஆபாசத் தளங்களை அந்த இணைப்பில் திறக்கவிடாது. ஐபோனில் ஸ்கிரீன் டைம் அமைப்புக்குள் வயது வந்தோருக்கான தளங்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதற்கான கடவு எண்ணை நீங்கள் போடாமல் அந்த ஒரே ஆளைப் போடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் பிரைவேட் டி.என்.எஸ். என்ற இடத்தில் இதே போன்ற குடும்ப வடிகட்டி முகவரியைக் கொடுக்கலாம்.

இவை எங்கே உடைகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலி ஒன்று போட்டால் டி.என்.எஸ். வடிகட்டி செத்துவிடும். ரௌட்டரில் போட்டது மொபைல் டேட்டாவில் வேலை செய்யாது. டெலிகிராம், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்குள் வருவதை இவை எதுவும் தடுக்காது. பெரும்பாலானவர்களுக்கு வழுக்கல் அங்கேதான், ரீல்ஸில்தான் தொடங்குகிறது. பத்து நொடி நின்று பார்த்ததைச் செயலி கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் அதே வகையில் இருபதைக் கொண்டுவந்து வைக்கும். உங்கள் நாலு வாரக் குறிப்பில் ஒரே செயலி திரும்பத் திரும்ப வந்தால் அதை நீக்கிவிடுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போனையும் மறக்கவேண்டாம். ரோமர் 13:14 துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருங்கள் என்று சொல்வது இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கும் பொருந்தும்.

இத்தனையும் செய்தும், வேலை கெட்டு, தூக்கம் கெட்டு, நிறுத்தவே முடியவில்லை என்றால் மருத்துவ உதவி நாடுங்கள். அது அவிசுவாசம் அல்ல. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இணைய, மொபைல் அடிமைத்தனத்துக்கென்றே ‘ஷட்’ என்ற சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.

யாராவது உங்கள் அந்தரங்க வீடியோவை வைத்துப் பணம் கேட்டு மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மிரட்டுகிறவரின் கணக்கை பிளாக் செய்து, 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் செய்யுங்கள். அன்றைக்கே அந்த மூத்தவரிடமும் சொல்லிவிடுங்கள். வெட்கம்தான் மிரட்டுகிறவனின் ஒரே ஆயுதம்.

நிச்சயம் ஆனவர்களும் திருமணமானவர்களும்

நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் நடுவில் ஆறு மாதம், சிலசமயம் ஒரு வருடம் போய்விடுகிறது. இருவரும் பெங்களூரிலேயே வேலை பார்த்தால், நிச்சயம்தான் ஆகிவிட்டதே என்ற சமாதானம் எளிதாக வரும். ஆனால் ஓலை (சபையில் சொல்லும் திருமண அறிவிப்பு) மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபை கேட்டு, பீடத்துக்கு முன் வாக்குக் கொடுக்கும்வரை நீங்கள் கணவன் மனைவி அல்ல. சந்திப்பைப் பகலில், ஆட்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்: லால்பாக், கப்பன் பூங்கா, ஆராதனைக்குப் பின் ஓட்டலில் சாப்பாடு. காலியான பிளாட்டில் சமைக்கலாம் என்று போகவேண்டாம். சிக்மகளூருக்கு இரவு தங்கும் பயணம் வேண்டாம். எல்லை எதுவென்று உணர்ச்சி ஏறின நேரத்தில் முடிவு செய்ய முடியாது. முன்கூட்டியே இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். எல்லை மீறிவிட்டால், கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தானே போகிறோம் என்று மூடிவைக்காமல் இருவரும் சேர்ந்து அறிக்கையிடுங்கள்.

பழைய வாழ்க்கையை எவ்வளவு சொல்வது என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. துணையின் வாழ்க்கையைப் பாதிக்கக்கூடியதை எல்லாம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லவேண்டும்: முந்தைய திருமணம், குழந்தை, எச்.ஐ.வி. போன்ற தொற்று, இன்னும் விடாத பழக்கம், இன்னும் தொடர்பில் இருக்கும் பழைய உறவு. ‘முன்பு ஒருவரோடு பாவத்தில் வாழ்ந்தேன், மனந்திரும்பினேன், இன்னாருக்கு அது தெரியும்’ என்ற அளவு போதும். எங்கே, எப்படி என்ற காட்சிகள் கேட்பவரின் மனதில் வருடக்கணக்கில் நிற்கும். அவற்றைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. கார்டு அச்சடித்த பிறகு சொல்வதுதான் அநியாயம், ஏனென்றால் அப்போது மறுப்பதற்கு அவருக்கு வழியே இருக்காது.

திருமணமானவர்களுக்கு 1 கொரிந்தியர் 7:5 நேரடியாகப் பேசுகிறது: இருவரும் சம்மதித்து, சிலகாலம் மட்டும், உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் பிரிந்திருக்கலாம், பிறகு கூடிவாழுங்கள். கணவன் இங்கே, மனைவியும் பிள்ளைகளும் ஊரில் என்று நாலைந்து வருடம் ஓட்டுவதைப் பணக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். மாதம் இரண்டு முறையாவது பேருந்துச் செலவை வாடகையைப் போலத் தவிர்க்க முடியாத செலவாக எழுதிவையுங்கள். தினமும் இரவு பேசும்போது பள்ளிக் கட்டணமும் கேஸ் சிலிண்டரும் மட்டும் பேசாமல் ஒரு சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசித்துவிட்டுப் படுங்கள். ஒன்று கவனிக்கவேண்டும்: அதே அதிகாரத்தின் நாலாம் வசனம் இருவருக்கும் சமமாகப் பேசுகிறது. அதை மனைவியைக் கட்டாயப்படுத்தும் சட்டமாக எடுக்கிறவன் பாதியைத்தான் வாசித்திருக்கிறான்.

விழுந்த பிறகு முதல் ஒரு மணி நேரம்

விழுந்தாயிற்று, இன்றைக்கு இருக்கட்டும், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் முதல் பத்து நிமிடத்திலேயே வரும். ஒருமுறை விழுந்ததை இரவு முழுவதும் நீளும் வீழ்ச்சியாக்குவது அந்த எண்ணம்தான். உடனே படுக்கையை விட்டு எழுந்திருங்கள். விளக்கைப் போடுங்கள். குளியுங்கள். அறிக்கையிடுங்கள், ஐந்து நிமிடம் போதும். “தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்ற சங்கீதம் 51:10 அந்த நேரத்துக்கென்றே கொடுக்கப்பட்டது. பிறகு அந்த ஒரே ஆளுக்கு முன்பே பேசிவைத்த ஒரு சொல்லைச் செய்தியாக அனுப்புங்கள். விவரம் ஞாயிறு பேசிக்கொள்ளலாம். வெளியே போய் நாலு பேர் இருக்கும் இடத்தில் ஏதாவது சாப்பிடுங்கள். அந்த வாரத்துக்கென்று குறித்த ஊழியத்திலிருந்து வெட்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். ஆனால் சபையில் பொறுப்பில் இருப்பவர் வேறொரு ஆளோடு பாவத்தில் விழுந்திருந்தால், ஆயரிடம் சொல்லி அவர் சொல்லும் காலம்வரை விலகி இருப்பதுதான் முறை.

துணை துரோகம் செய்திருந்தால்

இந்த இடத்தில் சபைகள் அவசரப்படுகின்றன. கணவனின் உறவு வெளியே தெரிந்த அன்று மாலையே ஆயர் வீட்டில் இருவரையும் உட்காரவைத்து, இயேசு ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே என்று மனைவியை அழவைத்து, கைகோர்க்கச் செய்து, ஜெபித்து அனுப்பிவிடுகிறார்கள். அது மன்னிப்பு ஆகாது. காயத்தின்மேல் துணியைப் போட்டு மூடுவது.

மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பது. அதை ஒருவர் தனியாகவே தொடங்க முடியும், அது ஒரே நாளில் முடிவதும் இல்லை. நினைவு வரும்போதெல்லாம் திரும்ப ஒப்புக்கொடுக்கவேண்டியிருக்கும். நம்பிக்கை வேறு. அதைத் தவறு செய்தவர்தான் சிறுகச் சிறுகத் திரும்பக் கட்டவேண்டும். ‘மன்னிச்சிட்டேன்னு சொன்னியே, அப்புறம் ஏன் போனைப் பார்க்கிற’ என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

தவறு செய்தவர் செய்யவேண்டியவை: நம்பத்தக்க ஒருவர் முன்னிலையில் முழு உண்மையையும் ஒரே தடவையில் சொல்வது. துண்டு துண்டாக வெளிவரும் உண்மை ஒவ்வொரு முறையும் முதல்நாள் வேதனையைத் திரும்பக் கொண்டுவரும். அந்த மூன்றாம் நபருக்கு, துணை பார்க்க, உறவை முடிக்கும் செய்தியை அனுப்புவது. ஒரே டீமில் வேலை என்றால் டீமை மாற்றுவது, முடியாவிட்டால் வேலையையே மாற்றுவது. போன், வங்கிக் கணக்கு இரண்டையும் திறந்து வைப்பது.

ரத்தப் பரிசோதனையையும் விடக்கூடாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள ஐ.சி.டி.சி. என்ற ஆலோசனை, பரிசோதனை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். முதல் பரிசோதனை உடனே, கடைசித் தொடர்புக்கு மூன்று மாதம் கழித்து இன்னொன்று. தொற்று புதிதாக இருந்தால் முதலில் தெரியாமல் போகலாம். அந்த முடிவு வரும்வரை துணையைப் பாதுகாப்பது அன்பின் கடமை. தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால், தொற்றைத் தடுக்கும் மருந்து பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் நிறுத்தினார்கள், ஆணைக் கொண்டுவரவில்லை. லேவியராகமம் 20:10 இருவரையும் பற்றித்தான் பேசுகிறது. நம் சபைகளில் பெண்பிள்ளைகளின் துப்பட்டாவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஆண்பிள்ளைகளின் கண்களைப் பற்றிப் பேசுவதில்லை. வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றிப் போதிக்கிறவர்கள் யோபு 31:1-இல் தொடங்கட்டும். கண்களோடு உடன்படிக்கை பண்ணினவன் ஓர் ஆண்.

மன்னிப்பு என்ற பெயரில் மூடக்கூடாதவை

18 வயது நிறையாத பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால், அது சபைக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குச் சொல்லவேண்டும்; சொல்லாமல் மறைப்பது குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். செய்தவர் ஊழியக்காரரானாலும் சொந்தக்காரரானாலும் இதுவே முறை. அவர் அழுது மனந்திரும்பினாலும் பிள்ளைகள் இருக்கும் பொறுப்புக்குத் திரும்ப வரக்கூடாது. வீட்டில் அடி உதை இருந்தால் பெண்கள் 181-ஐயும், உடனடி ஆபத்தில் 112-ஐயும் அழைக்கலாம். பாதுகாப்பான இடத்துக்குப் போவது மன்னிக்காமை ஆகாது.

உங்களிடம் ஒருவர் சொன்னால்

தம்பியோ தங்கையோ இப்படி ஒரு காரியத்தோடு வந்து உட்கார்ந்தால் முகத்தை மாற்றாமல் கேளுங்கள். விவரம் தோண்டாதீர்கள். சொல்லி முடித்ததும் 1 யோவான் 1:9-ஐ வாசித்து, ‘இயேசுவின் நிமித்தம் உன் பாவம் மன்னிக்கப்பட்டது’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அநேகர் அதை ஒருமுறைகூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிள்ளைக்கு ஆபத்து, தற்கொலை எண்ணம் இந்த இரண்டைத் தவிர வேறெதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவியிடமோ கணவரிடமோகூட அனுமதி கேட்டுத்தான் சொல்லவேண்டும். பெரிய அறிவுரை எதுவும் அன்றைக்கு வேண்டாம். போன் சார்ஜரை எங்கே மாட்டுவது என்ற ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் முடிவு செய்து, அடுத்து பேசப்போகும் நாளையும் நேரத்தையும் இருவரும் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.